எழுபத்தொரு வீதம்

எழுபத்தொரு வீதத்தில் கரண்ட் போனது.
கோண்டாவில் பக்கம் ட்ரான்ஸ்போமரில் காகம் விழுந்ததாம்,
பிறகுதான் சொன்னார்கள்.
பற்றறி செத்து இரண்டு வருடமான லப்டொப்,
வயரில்தான் உயிர்.
அறை இருண்டதும் ஃபேன் ஓய்ந்ததும்
திரையில் சுற்றிய புள்ளிகள் நின்றதும்
எது முதல் என்று தெரியாது.

‘கணினியை நிறுத்த வேண்டாம்’ என்று
மரியாதையாகத்தான் கேட்டிருந்தது.
நான் நிறுத்தவில்லை.
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒன்றரை மணித்தியாலம் கழித்து வெளிச்சம் வந்தது.
அமத்தினேன்.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்
கண்ணை வெட்டி வெட்டி நின்றது.
பழைய சிஸ்டமும் இல்லை, புதியதும் இல்லை.

உள்ளே நூற்று நாற்பத்தாறு கிணறுகள்.
இணுவில், உரும்பிராய், நீர்வேலி வாழைத்தோட்டங்கள்.
கிணற்றுக்கு ஒரு தாள்:
ஆழம், உரம், மலகூடம் எத்தனை அடியில்,
நைத்திரேற்று எவ்வளவு.
ஆறு மாத வெயில். பெற்றோல் என் காசு.
திங்கட்கிழமை திணைக்களத்தில் கொடுக்க வேண்டும்.
கொப்பி எடுத்து வைக்கவில்லை.
தெரியும். சொல்ல வேண்டாம்.

ஜெனிற்றா குருநகரிலிருந்து போனில்:
“ஒண்டையும் தொடாதை.
திருப்பி இன்ஸ்டோல் பண்ணினியோ மேலாலை எழுதிப்போடும்,
பேந்து என்னைக் கேக்காதை.
பென் டிரைவ் இருக்கோ?”

பக்கத்து வீட்டு அபிசனிடம் இருந்தது.
பதினொரு கிரிக்கெட் மட்ச் அதில் இருந்ததை
நாங்கள் அழித்த பிறகுதான் சொன்னான்.
அவனுடைய கொம்பியூட்டரிலேயே அதைத் தயார் செய்து
என்னுடையதில் செருகி
எஃப் பன்னிரண்டை அடித்தேன், அடித்தேன்,
கதவு திறக்காத வீட்டில் தட்டுவதுபோல.

எழும்பியது.
எந்த மொழி என்று கேட்டது.
பட்டியலில் தெலுங்குக்கு மேலே தமிழ் இருந்தது.
ஆங்கிலத்தை அமத்தினேன்.
பிழை வந்தால் தேடுவதற்கு அது வேண்டும்.

விடிய நாலு மணிவரை தேடியது.
ஃபேன் கொஞ்சம் மெதுவானாலும்
எனக்கு நெஞ்சு இடித்தது.

வந்தன. பெயர்கள் வரவில்லை.
ஒவ்வொன்றும் ஓர் எழுத்து, ஏழு இலக்கம்.
“பேர் எழுதின இடம் போட்டுது,
சாமான் கிடந்த இடத்திலைதான் கிடக்கும்.
திறந்து திறந்து பார்” என்றாள்.

திறந்தேன். குறிப்புப் பெட்டிகளால் ஆளறிந்தேன்.
‘நாய் இரண்டு. முதலே கோல் பண்ணவும்.’
இது உரும்பிராய்.
‘வீடு பூட்டு. ஆக்கள் லண்டன். மதிலால் எடுத்தது.’
‘தண்ணி நல்ல இனிப்பு எண்டு சொல்லுகினம்.’
அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுபத்தெட்டு.
ஐம்பதைத் தாண்டக் கூடாது.

இடையில் ஒரு கடிதம்.
‘எனது பதவியிலிருந்து விலக’ என்று தொடங்கி.
இன்னொன்று, அதே கடிதம், இன்னும் பணிவாக.
மூன்றாவதில் பணிவே இல்லை.
பிறகு கனடாப் படிவம்,
போகும் நோக்கம் என்ற இடம் வெறுமையாக.

“ஜெனிற்றா, நான் அழிச்சதுகளும் வந்திருக்கு.”

கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னாள்:
“அதுக்கென்னடி தெரியும்,
எது துலைஞ்சது
எது துலைச்சது எண்டு.”

ஞாயிறு முழுக்கப் பெயர் வைத்தேன்.
கடிதங்களுக்கு வைக்கவில்லை,
அழிக்கவும் இல்லை.
இலக்கத்தோடேயே கிடக்கட்டும்.

புதிய சிஸ்டத்தை அபிசன் வீட்டு யூபிஎஸ்ஸில் போட்டோம்.
எழுபதில் அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.
எழுபத்தொன்று.
தெருவில் கச்சான் வண்டி மணி.
எழுபத்திரண்டு.

கிணறுகளில் நூற்று முப்பத்தொன்பதுதான் மீண்டது.
திங்களன்று அதைத்தான் கொடுத்தேன்.
மிச்சம் ஏழுக்கும் போத்தல் கழுவிக் காய வைத்திருக்கிறேன்,
சனிக்கிழமை போக.
எந்த வீட்டில் நாய் என்றுதான்
ஞாபகம் வருகுதில்லை.